ஆறாவது அட்டை

இஸ்திரி போட்ட சட்டையைக் கசங்காமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கிடங்கு சார் திரும்பி வந்தபோது, மேசை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"அக்கா, இங்க ஆறு அட்டை வச்சிருந்தேனே?"

"கட்டியாச்சு சார்," என்றார் முடிச்சக்கா, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

"எதுல கட்டினீங்க?"

"எதுல கட்டுவாங்க? சரக்குலதான்."

"சரக்கு எங்க?"

"வேன்ல."

"வேன் எங்க?"

"அது போய் அரைமணி ஆச்சே."

கிடங்கு சார் கையிலிருந்து சட்டை நழுவி, பெயின்ட் டப்பாக்களின் மேல் விழுந்தது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வணிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வருஷத்துக்கு ஒரு வியாபாரச் சொல்லை எடுத்துக்கொண்டு ஒருவர் பேசுவது அந்தச் சங்கத்தின் வழக்கம். போன வருஷம் 'பேரம்'. அதற்கு முந்தின வருஷம் 'கடை'. இந்த வருஷம் 'சரக்கு'. முறைப்படி பேச வேண்டியவர் முதலாளி. அவரோ, "சரக்கு என்னைவிட உங்களைத்தான் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கு. நீங்களே பேசுங்க. கடை மானம் உங்க கையில," என்று சொல்லிவிட்டார். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து மேடை ஏறியவர்கள் எல்லாரும் முதலாளிகள். சம்பளம் வாங்குகிற ஒருவர் ஏறுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பேச்சு முழுவதும் அந்த ஆறு அட்டைகளில்தான் இருந்தது.

கடை என்றால் தாழ்ப்பாளிலிருந்து பீரோ வரை வீட்டுக்கு வேண்டியதெல்லாம் விற்கிற கடை. முன்கட்டில் முதலாளி, பின்கட்டில் கிடங்கு. கிடங்கு இருபத்தேழு வருஷமாக இவர் ராஜ்யம். 'செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா' என்று கேட்பார்களே, இவரிடம் கடையும் சொந்தமில்லை, சரக்கும் சொந்தமில்லை. மிடுக்கு மட்டும் சொந்தம்.

வெளியே போகும் ஒவ்வொரு பொருளிலும் நூல் கோத்த அட்டை ஒன்று தொங்கும். 'கண்ணாடி. உடையும்.' 'பீரோ. நிமிர்த்தி வைக்கவும்.' எழுதுவது இவர். கட்டுவது முடிச்சக்கா. அக்கா போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாது; கத்தரிக்கத்தான் வேண்டும். ஆனால் பாவம், அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கிடங்கு சார் அதை வாங்கி, உரக்க வாசித்துக் காட்டினார். அன்று ஆரம்பித்தது. பதினெட்டு வருஷமாக, ஒவ்வொரு அட்டையையும் இவர் கணீரென்று வாசிக்க, அக்கா தலையாட்டிக்கொண்டே கட்டுவார். வாசிப்பது இவருக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

"நான் வாசிக்காம எப்படிக்கா கட்டினீங்க?"

"நீங்கதான் சட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே. மேசையில அட்டை பத்து நிமிஷத்துக்கு மேல கிடக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

சட்டம் போட்டது சாட்சாத் இவர்தான். சிவப்புப் பெயின்டில் சுவரிலும் எழுதி வைத்திருந்தார். இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். கட்ட வேண்டிய நிஜ அட்டைகள் ஐந்தும் சமர்த்தாக உள்ளே கிடந்தன. பேச்சு ஊர் சுற்றப் போய்விட்டது.

வேன் டிரைவருக்குப் போன் போட்டார். ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து மணி அடித்தது. டிரைவர் போனை அங்கேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்.

"ஆறு அட்டைதானே? மறுபடி எழுதிக்கோங்க சார்."

எழுதலாம். ஞாபகம் இருந்தால். அவர் தொழில் ரகசியமே மறப்பதுதான். அட்டையில் ஏறியது தலையிலிருந்து இறங்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நாலாயிரம் பொருளை ஒரு மனிதன் எப்படித் தலையில் சுமப்பான்? பொருளைப் பார்த்தால் போதும், அதில் எழுதினது தானாக நாக்குக்கு வரும். பார்க்காவிட்டால் ஒன்றும் வராது.

மறந்துபோய் நிற்பதுகூடப் பரவாயில்லை. யார் முன்னால் நிற்பது? முன்வரிசையில் மச்சான் உட்காரப் போகிறார். மனைவியின் அண்ணன்; கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், "மாப்பிள்ளை, கிடங்குல இருக்கற சரக்கு தலையிலயும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். பேச்சை எழுதித் தரட்டுமா என்று அவரே கேட்டும், "வேணாம் அண்ணா, இவர் சொந்தச் சரக்கையே பேசுவாரு," என்று தலைநிமிர்ந்து சொல்லிவிட்டு வந்தவள் மனைவி. அவள் நிமிர்ந்த தலை குனியக் கூடாது. அதுதான் கிடங்கு சாருக்குக் கவலை.

அதற்காகத்தான் ஆறாவது அட்டையைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'அசல் சரக்கு. விளம்பரம் வேண்டாம். வந்து நின்றாலே போதும்.' இதைச் சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா நின்று, மச்சானை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குவதாகத் திட்டம். எழுதி முடித்த நிமிஷமே, வழக்கம்போல, அதையும் மறந்தாயிற்று.

சட்டையை உதறி மாட்டிக்கொண்டார். டெலிவரிப் பட்டியலின் நகலை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்றார்.

"அக்கா, போனது அஞ்சு பொருள்தான். ஆறாவது அட்டை எங்க?"

"அது எங்கயும் போகாது சார். உங்ககூடவேதான் இருக்கும்."

ஆறுதல் சொல்கிறார், நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். முதல் சிக்னலிலேயே, பின்னால் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி அவருக்கு ஒரு சலாம் வைத்தார். இஸ்திரிச் சட்டைக்கு இவ்வளவு மரியாதையா என்று கிடங்கு சார் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தார்.

பட்டியலில் முதலில் பல் டாக்டர். வேன் வந்து போயிருந்தது. வரவேற்பறையில் ஆளுயரக் கண்ணாடி நிறுத்தியிருந்தது. அதன் மூலையில் அவர் கையெழுத்து: 'வெளியே பளபளப்பு. உள்ளே சரக்கு இல்லை.'

"போன வருஷம் பல்லுக்கு வந்தவர்தானே நீங்க? அந்தக் கடையா?" என்றார் டாக்டர். "பல்லைக் காட்ட வந்த நாலு பேர் இதைப் படிச்சிட்டு, என்னையும் ஒரு தரம் பாத்துட்டு, எழுந்து போயிட்டாங்க."

"ஐயோ டாக்டர், அது உங்களைச் சொன்னதில்ல."

"கண்ணாடியில என் மூஞ்சிதானே தெரியுது?"

"சரக்குங்கற வார்த்தைக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்குன்னு சாயங்காலம் சங்கத்துல பேசப்போறேன். அட்டை மாறி வந்துடுச்சு."

"அர்த்தம் சொல்ல என் ஆஸ்பத்திரிதான் கெடச்சுதா?"

"தப்பு எங்களுதுதான். அட்டையைக் கொடுத்திடுங்க, போயிடறேன்."

"தர மாட்டேன். இது அத்தாட்சி. உங்க சங்கத்துக்கே கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் கேக்கறேன்."

அட்டை போனால் போகட்டும், வாசகத்தையாவது காப்பாற்றுவோம் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இன்னும் நாலு வார்த்தை திட்டுவதற்காக வாசல்வரை வந்த டாக்டர், ஸ்கூட்டர் நகர்ந்ததும் வாயை மூடிக்கொண்டு, பிறகு இடுப்பில் கை வைத்துச் சிரிப்பது வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது. முதலில் கோபம், அப்புறம் கேலி. எல்லாம் நேரம் என்று கிடங்கு சார் வேகத்தைக் கூட்டினார்.

இரண்டாவது, பணி ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வீடு. போன வாரம் கிடங்குக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்குள்ள தனியா ஒரு பூட்டு இருக்கற பீரோவா வேணும்," என்று கேட்டு வாங்கியவர். இப்போது அந்த பீரோவின் முன் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி அட்டையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"'சிலர் ஒளித்து வைத்துக் குடிக்கும் சரக்கு.' யார் சார் இதை எழுதினது?"

"நான்தாம்மா. ஆனா அது தப்பா வந்துடுச்சு."

"அப்படிச் சொல்லுங்க சார், அப்படிச் சொல்லுங்க!" என்றார் அதிகாரி.

"தப்பா வந்த அட்டை எப்படிங்க சரியாச் சொல்லும்? இதைப் பாத்துட்டுத்தான் பழைய பீரோவுக்குப் பின்னாடி கை விட்டேன். ரெண்டு பாட்டில்! முட்டி வலித் தைலம்னு முந்தாநாள்கூடச் சொன்னாரு."

"அம்மா, அது சாயங்காலம் நான் சங்கத்துல பேசவேண்டிய விஷயம். அட்டையைக் கொஞ்சம்..."

"சபையிலயே பேசப்போறீங்களா? எத்தனை மணிக்கு? இவரையும் கூட்டிட்டு வர்றேன். அட்டை என்கிட்டயே இருக்கட்டும்."

அதிகாரி கிடங்கு சாரைப் பார்த்த பார்வையில் இருபது வருஷத் தண்டனை இருந்தது. உள்ளங்கையில் இரண்டாவது வாசகம் ஏறியது.

மூன்றாவது இடம் டியூஷன் டீச்சர் வீடு. போனது வெள்ளைப் பலகை. 'மண்டையில் இருக்க வேண்டிய சரக்கு' என்ற அட்டையை டீச்சர் பலகையின் உச்சியில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.

"இதைக் கழட்டவா? நல்லாருக்கே கதை! காலையிலேர்ந்து நாப்பது பேர் பாத்து எழுதிட்டாங்க. சாயங்காலம் பேசறீங்களா? பசங்களையும் கூட்டிட்டுக் கட்டாயம் வர்றேன் சார்."

நாலாவது மூலிகை வைத்தியர். 'வைத்தியருக்கு மருந்தும் சரக்குதான்' என்ற அட்டையைப் புது இழுப்பறைப் பெட்டியின் நெற்றியில் பசை போட்டு ஒட்டிவிட்டு, "எங்க தொழில் பாஷை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். கூட்டத்துக்கு அவரும் வருகிறாராம்.

மத்தியான வெயில். கிடங்கு சார் ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்திக் கையை விரித்துப் பார்த்தார். நாலு வாசகமும் வேர்வையில் கரைந்து ஒரே நீலக் குளமாக இருந்தது. பதறிப்போய்க் கையைத் துடைத்தார். துடைத்தது இஸ்திரிச் சட்டையில். எழுதினதால் நாலும் தலையைவிட்டு இறங்கியும் விட்டன. பின்னால் வந்த வண்டியில் இரண்டு பெண்கள் ஹாரன் அடித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். சட்டையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு அழுகையே வந்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அண்ணன் பேசினாரு. புத்தக அலமாரி வந்துதாம்."

பட்டியலில் ஐந்தாவது பெயர் மச்சானுடையது. அதைப் பார்க்கப் பயந்துதான் அவர் மரத்தடியில் நின்றதே.

"அட்டையும் வந்துதா?"

"வந்துதாம். 'பழைய சரக்கு. வருஷாவருஷம் அட்டை மட்டும் புதுசு.' இதை நீங்களா எழுதினீங்க?"

"எழுதினேன். அனுப்பல."

"அனுப்பலன்னா அது எப்படிங்க அங்க போச்சு?"

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. சட்டைப் பையில வச்சுக்கிட்டாராம். முன்வரிசையில நடு சீட்டு வேணும்னாரு."

கிடங்கு சார் சட்டையிலிருந்த நீலக் கறையைப் பார்த்தார். பிறகு, "முதலாளிகிட்ட எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"காய்ச்சலா? இருபத்தேழு வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டிருக்கீங்களா? இன்னைக்குப் போடுவீங்களா? பேச்சு வரலன்னா சும்மா நில்லுங்க. நான் பாத்துக்கறேன்."

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. சங்கக் கூட்டத்துக்கு வழக்கமாக வருகிறவர்கள் நாற்பது பேர்; அன்று நின்றவர்களே நாற்பது பேர் இருப்பார்கள். எல்லாம் கிடங்கு சார் காலையிலிருந்து வீடு வீடாகப் போய் அழைத்த கூட்டம். வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, நீலக் கறையை மறைக்கக் கையை மார்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் ஏனோ அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "இருபத்தேழு வருஷமா இவர் பின்கட்டுல நின்னதாலதான் நான் முன்கட்டுல உக்காந்திருந்தேன். இன்னைக்கு இவர் முன்னாடி வர்றாரு. நான் பின்னாடி போறேன்." சொன்னபடியே போய் உட்கார்ந்துகொண்டார்.

கிடங்கு சார் மைக் முன் நின்றார். வெறுங்கை. மண்டபம் முழுக்க முகங்கள். ஒரு வாசகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. முன்வரிசையின் நடுவில் மச்சான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் மனைவி. தலை இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. கடைசி வரிசையில் முடிச்சக்கா, கையைக் கட்டிக்கொண்டு, கிடங்கில் அட்டை வாசிக்கும்போது தலையாட்டுவாரே, அதே மாதிரி ஒரு தரம் தலையாட்டினார்.

மூன்றாவது வரிசையில் பல் டாக்டர். முறைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆளுயரக் கண்ணாடி ஞாபகம் வந்தது. கண்ணாடி வந்ததும் அதன் மூலையில் தொங்கின அட்டை வந்தது.

"வெளியே பளபளப்பு, உள்ளே சரக்கு இல்லை," என்றார் கிடங்கு சார், கிடங்கில் வாசிப்பதுபோலக் கணீரென்று. "இப்படி ஒரு அட்டை இன்னைக்குத் தப்பான எடத்துக்குப் போயிடுச்சு. எனக்குப் போன வருஷம் கடைவாய்ப் பல்லு வலி. வெளியிலேர்ந்து பாத்தா நல்ல பல்லு. உள்ள சொத்தைன்னு கண்டுபிடிச்சவரு அதோ அந்த டாக்டர்தான். உள்ள சரக்கு இருக்கா இல்லையான்னு பாக்கத் தெரிஞ்சவர்கிட்டதான் அந்த அட்டை இருக்கணும்."

டாக்டர் அத்தாட்சியை மெதுவாகப் பைக்குள் வைத்தார். கைதட்டல் விழுந்தது.

அதன் பிறகு வண்டி நிற்கவில்லை. அதிகாரி முகத்தைப் பார்த்தால் பீரோ. பீரோவைப் பார்த்தால் பாட்டில். ("அதைத் தைலம்னும் சொல்லலாம்," என்றபோது மண்டபம் அதிர்ந்தது, அதிகாரியே சிரித்துவிட்டார்.) டீச்சரைப் பார்த்தார், மண்டைக்குள் இருக்க வேண்டியதைச் சொன்னார். வைத்தியரைப் பார்த்தார்; மருந்தைச் சொன்னார். அட்டையில் எழுதாத ஒன்றும் வந்தது.

"பெண்களைப் பாத்து சில பேர் இந்த வார்த்தையைச் சொல்லுவாங்க. அந்த அர்த்தம் என் கிடங்குல கிடையாது. கேட்டு வர்றவங்களை 'ஸ்டாக் இல்ல'ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவேன்."

பெண்கள் தட்டிய தட்டலில் மைக் கீச்சிட்டது. கிடங்கு சாருக்கு முதுகுத்தண்டு தானாக நிமிர்ந்தது. இந்த வார்த்தையோடு இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான், இதைப் பற்றிப் பேச எனக்கில்லாத தகுதி வேறு யாருக்கு என்று முதல்முறையாகத் தோன்றியது.

பார்வை மச்சானிடம் வந்து நின்றது.

"பழைய சரக்கு. வருஷாவருஷம் அட்டை மட்டும் புதுசு." குரல் கொஞ்சம் இறங்கியது. "இதை ஒருத்தரைக் கிண்டல் பண்ணத்தான் எழுதினேன். ஆனா யோசிச்சுப் பாத்தா நானும் பழைய சரக்குதான். அதே ரேக், அதே பேனா. போன மாசம் ஒரு வீட்டுல தண்ணிக் குழாய் உடைஞ்சுபோச்சு. புதுசா வந்த எதுவும் அதுல சேரல. பதினாறு வருஷமா என் கிடங்கு மூலையில கிடந்த பித்தளைத் திருகு ஒண்ணுதான் சேர்ந்துது. பழைய சரக்கை வச்சிருக்கறது சில சமயம் நல்லதுக்குத்தாங்க, மச்சான்."

மச்சான் எழுந்து நின்றார். எழுந்து நின்றவர், மண்டபத்திலேயே முதல் ஆளாகக் கைதட்டினார். மனைவி தலையை இன்னும் ஒரு அங்குலம் நிமிர்த்திக்கொண்டாள்.

கிடங்கு சார் முடிக்கப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் தேடினார். எந்த முகமும் ஆறாவதைத் தரவில்லை.

"ஆறாவதா ஒண்ணு இருந்துது. அதுதான் முக்கியமானது," என்றார் கடைசியில். "மறந்துபோச்சு. மன்னிக்கணும்."

இத்தோடு மானம் போயிற்று என்று அப்படியே நின்றார். ஆனால் டாக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவரைத் தொடர்ந்து வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து தட்டினார்கள். "அதுதான் எங்க எல்லாருக்கும் தெரியுமே சார்!" என்று யாரோ கத்தினார்கள். நல்ல ஜனங்கள், மறந்துபோனவனுக்கும் தட்டுகிறார்கள் என்று கிடங்கு சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சான் வந்து தோளில் கை போட்டார். "மாப்பிள்ளை, அட்டையை அலமாரியிலயே ஒட்டிடப்போறேன். என் கிளாஸ் நோட்டும் முப்பது வருஷமா அதேதான், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இனிமே அந்தக் கேள்வியை நான் கேக்க மாட்டேன்." மனைவி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்தபோது முடிச்சக்கா காத்துக்கொண்டிருந்தார். வெற்றி மயக்கத்தில் கிடங்கு சாருக்கு ஊரையே மன்னிக்கத் தோன்றியது.

"அக்கா, நீங்க தெரியாமக் கட்டினதுல எனக்குக் கோவமே இல்ல. எந்தப் பொருள்ல எந்த அட்டைன்னு பாக்காமக் கட்டியும், பாருங்க, ஒவ்வொண்ணும் எப்படி அமைஞ்சுபோச்சு! அதிர்ஷ்டம்தான். ஆனா எல்லா நாளும் இப்படி அமையாது. அதனால நாளையிலேர்ந்து தினம் பத்து நிமிஷம், நானே உங்களுக்கு எழுத்துச் சொல்லித்தர்றேன். வெக்கப்படாதீங்க."

"ஆகட்டும் சார்," என்றார் முடிச்சக்கா. "அதுக்கு முன்னாடி உங்க ஸ்கூட்டருக்குப் பின்னாடி ஒரு தரம் போய்ப் பாருங்க, அந்த 'அசல் சரக்கு' அட்டையை வேற எதுல கட்டறதுன்னு காலையில எனக்குத் தெரியல."